சூரியக் கொரோனா சிமுலேஷனில் வெப்பநிலை சரியாக வந்தால் மட்டும் போதாது

சூரியனின் கண்ணுக்குத் தெரியும் பரப்பு சுமார் 5,770 கெல்வின். அதற்கு மேல் சில ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியதும் தொடங்கும் வெளி வளிமண்டலமான கொரோனா 10 லட்சம் கெல்வினுக்கும் மேல். 1869 கிரகணத்தின்போது 530.3 நானோமீட்டரில் பிடிபட்ட பச்சைக் கோடு, 13 எலெக்ட்ரான்களை இழந்த இரும்பு உமிழும் ஒளி என்று 1940களின் தொடக்கத்தில் இயற்பியலாளர் எட்லென் காட்டிய பிறகு இந்த வெப்பத்தை யாரும் மறுக்கவில்லை. அது எப்படி வருகிறது என்பதுதான் இன்னும் முடியாத வழக்கு. இப்போது சில மாதங்களுக்கு ஒருமுறை, சூப்பர் கம்ப்யூட்டரில் உருவான வண்ணப் படத்தோடு "புதிர் அவிழ்ந்தது" என்ற செய்தி வருகிறது. கணினி மாதிரியில் (சிமுலேஷனில்) 10 லட்சம் கெல்வின் தானாகவே வந்துவிட்டது என்பதே பெரும்பாலும் அந்தச் செய்தியின் ஆதாரம்.

அந்த ஆதாரம் மிகப் பலவீனமானது. இந்தத் துறையில் புதிதாக நுழையும் மாணவர்களும் அறிவியல் செய்தி எழுதுபவர்களும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். கொரோனாவில் வெப்பக் கடத்துதிறன் வெப்பநிலையின் இரண்டரை மடிக்கு (5/2 அடுக்குக்கு) ஏற்ப எகிறுகிறது. வெப்பநிலை கொஞ்சம் ஏறினாலே வெப்பம் காந்தக் கோடுகள் வழியாகக் கீழே கொட்டிவிடும். ஸ்கைலேப் விண்வெளி நிலையக் காலத் தரவுகளைக் கொண்டு ரோஸ்னர், டக்கர், வையானா மூவரும் 1978இல் எழுதிய விதிப்படி, ஒரு காந்த வளையத்தின் (காந்தக் கோடுகள் வில்லாக வளைந்து நிற்கும் அமைப்பின்) உச்ச வெப்பநிலை, அதற்குள் செலுத்தப்படும் வெப்பத்தின் 2/7 மடியாகத்தான் உயர்கிறது. வெப்பமூட்டலைப் பத்து மடங்கு தவறாகக் கணக்கிட்டாலும் வெப்பநிலை இரண்டு மடங்குகூட மாறாது. அதே பத்து மடங்குப் பிழையில் அடர்த்தி 3.7 மடங்கு மாறும். அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்த புறஊதாப் பிரகாசம் ஏறத்தாழ 14 மடங்கு மாறும். ஆகவே ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால் வெப்பநிலை வரைபடத்தைத் தாண்டிப் போய், அடர்த்தியும் பிரகாசமும் அளவீடுகளோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

ஆற்றல் கணக்கு

வித்புரோவும் நாய்ஸும் 1977இல் தொகுத்த மதிப்பீடு இன்றும் அளவுகோலாக இருக்கிறது. அமைதியான பகுதிக் கொரோனாவைத் தாங்கச் சதுர மீட்டருக்குச் சுமார் 300 வாட் வேண்டும். சூரியப்புள்ளிகளைச் சுற்றியுள்ள தீவிரப் பகுதிகளுக்குச் சுமார் 10,000 வாட். சூரியப் பரப்பிலிருந்து ஒளியாக வெளியேறுவதோ சதுர மீட்டருக்கு 6.3 கோடி வாட். ஆற்றலுக்குப் பஞ்சமே இல்லை. அதை மேலே கொண்டுபோய் வெப்பமாக மாற்றும் வழிதான் கேள்வி.

கொண்டுபோகும் பகுதியைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். செங்குத்துக் காந்தப்புலம் 100 காஸ் (0.01 டெஸ்லா), அதன் அடியை அசைக்கும் ஓட்டம் நொடிக்கு 0.5 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். புலத்தின் வர்க்கத்தை வேகத்தால் பெருக்கி வெற்றிடக் காந்த ஊடுருவலால் வகுத்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 40,000 வாட் வரும். இதைச் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்க வேண்டும். 10,000 வாட் கிடைக்கக் காந்தக் கோடுகள் செங்குத்திலிருந்து 14 பாகை சாய்ந்தால் போதும். சூரிய இயற்பியலாளர் பார்க்கர் 1988இல் நானோஃப்ளேர் கருத்தை முன்வைத்தபோது நம்பியது இந்தக் கணக்கைத்தான்: கோடுகள் ஒன்றோடொன்று பின்னிச் சாய்ந்து, ஒரு வரம்பைத் தாண்டியதும் 10¹⁷ ஜூல் அளவிலான சிறு வெடிப்புகளாக அறுந்து இணைகின்றன. ஆல்ஃவேன் 1942இல் முன்னறிவித்த காந்த அலைகள் மேலே சென்று சிதைவது இன்னொரு வழி. பரப்பு அசைவுகளின் கால அளவு, காந்த அலை வளையத்தைக் கடக்கும் நேரத்தைவிட நீளமா குறுகலா என்பதுதான் இரண்டையும் பிரிக்கிறது. உண்மையான பரப்பில் இரண்டு வகை அசைவும் உண்டு; நல்ல மாதிரியிலும் இரண்டும் சேர்ந்தே வரும். "அலையா, வெடிப்பா" என்று கட்சி கட்டுவதால் பெரிய பயன் இல்லை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

குடிக்சனும் நோர்ட்லுண்டும் 2002இல், அளக்கப்பட்ட காந்தப்புல வரைபடத்தை அடித்தளமாக வைத்து, பரப்பு அசைவுகளாலேயே சூடாகும் முப்பரிமாணக் கொரோனாவை உருவாக்கினார்கள். இன்று பரவலாக ஓடுபவை ஓஸ்லோவின் பைஃப்ராஸ்ட், பரப்புக்கடியிலிருந்து கொரோனா வரை விரிவாக்கப்பட்ட மியூராம் போன்ற நிரல்கள். பைஃப்ராஸ்டில் ஓட்டிப் பொதுவில் வெளியிடப்பட்ட ஒரு மாதிரியைச் சொல்லலாம். கணக்கிடப்படும் பெட்டி கிடைமட்டத்தில் 24,000 × 24,000 கி.மீ.; பரப்புக்குக் கீழே 2,400 கி.மீ., மேலே 14,400 கி.மீ. மொத்தம் 504 × 504 × 496 புள்ளிகள், அதாவது 12.6 கோடி செல்கள் (கட்டத்தின் சிறு அறைகள்). கிடைமட்ட இடைவெளி 48 கி.மீ., செங்குத்தில் மிக நெருக்கமான இடத்தில் 19 கி.மீ. எட்டு மாறிகளை இரட்டைத் துல்லியத்தில் சேமித்தால் ஒரே ஒரு கணத்துக்கு 8 ஜிகாபைட். தெளிவை இரட்டிப்பாக்கினால் செல்கள் எட்டு மடங்காகும், ஒவ்வொரு படியிலும் கணக்கு முன்னேறும் நேரம் (நேரப்படி) பாதியாகும். செலவு 16 மடங்கு.

இந்தப் பெட்டியில் மிகப் பெரிய இடைவெளி மின்தடையில் இருக்கிறது. 10 லட்சம் கெல்வினில் உண்மையான பிளாஸ்மாவின் (மின்னேற்றமடைந்த வாயுவின்) காந்தப் பரவல் எண், அதாவது மின்தடையால் காந்தப்புலம் பரவிக் கலையும் வீதம், நொடிக்குச் சுமார் 1 சதுர மீட்டர். 10,000 கி.மீ. நீளம், நொடிக்கு 1,000 கி.மீ. ஆல்ஃவேன் வேகம் (காந்த அலையின் வேகம்) என்று எடுத்தால், இவ்விரண்டின் பெருக்கலைப் பரவல் எண்ணால் வகுத்து வரும் லுண்ட்குவிஸ்ட் எண் 10¹³. சிமுலேஷனில் செல்லின் அகலத்தை உள்ளூர் ஓட்ட வேகத்தால் பெருக்கிப் பாருங்கள்: 50 கி.மீ., நொடிக்கு 10 கி.மீ. என்றால் பரவல் எண் 50 கோடி சதுர மீட்டர். லுண்ட்குவிஸ்ட் எண் 20,000க்கு இறங்கிவிடுகிறது. எந்தச் சூப்பர் கம்ப்யூட்டரும் இந்த இடைவெளியை நெருங்கவில்லை. உண்மையில் மீட்டர் கணக்கில் மெலிந்திருக்க வாய்ப்புள்ள மின்னோட்டத் தகடு (மின்னோட்டம் குவியும் மெல்லிய அடுக்கு), மாதிரியில் சில செல்கள் தடிமனோடு, நூறு கி.மீ.க்கு மேல் பருத்து நிற்கிறது.

அப்படியானால் எல்லாம் வீணா என்றால், இல்லை. மின்தடையை மாற்றி மாற்றி ஓட்டிய பல சோதனைகள் காட்டியது இது: பின்னல் வகை வெப்பமூட்டலில், சராசரியாகச் செலவாகும் மொத்த ஆற்றல் மின்தடையை மிகக் கொஞ்சமே சார்ந்திருக்கிறது. கீழிருந்து உள்ளே தள்ளப்படும் ஆற்றல் எங்காவது கரைந்தாக வேண்டும். கரையும் இடத்தின் தடிமன் மாறினாலும் கூட்டுத்தொகை பெரிதாக மாறுவதில்லை. ஆகவே சராசரி வெப்பமூட்டலையும், அது உயரத்தோடு குறையும் போக்கையும் ஓரளவு நம்பலாம். தனி வெடிப்பு ஒன்றின் அளவு, அது எத்தனை நொடி நீடிக்கிறது, ஒரே இழையில் எத்தனை முறை திரும்புகிறது, அலைகள் எந்த உயரத்தில் சிதைகின்றன ஆகியவற்றை நம்பக் கூடாது. அவற்றில் செல்லின் அகலம் ஒளிந்திருக்கிறது. "நானோஃப்ளேரின் ஆற்றல் பரவலைக் கண்டுபிடித்தோம்" என்று ஒரு கட்டுரை சொன்னால், அதே கணக்கைப் பாதி இடைவெளியில் மறுபடி ஓட்டினார்களா என்பதே முதல் கேள்வி. மின்தடையால் எவ்வளவு, பாகுத்தன்மையால் எவ்வளவு என்ற பங்கீடும் அப்படித்தான். காந்தப் பிராண்டில் எண்ணை (பாகுத்தன்மைக்கும் காந்தப் பரவலுக்கும் உள்ள விகிதத்தை) உயர்த்தினால் பாகுத்தன்மையின் பங்கு மேலோங்கிவிடும். உண்மைக் கொரோனாவில் அந்த எண் மிக மிகப் பெரியது.

எதிர்மறை அழுத்தம்

ஒரு கன மீட்டருக்கு 10¹⁵ எலெக்ட்ரான்கள், 10 லட்சம் கெல்வின், 100 காஸ் என்று எடுத்துக்கொண்டால், வெப்ப ஆற்றல் கன மீட்டருக்கு 0.04 ஜூல், காந்த ஆற்றல் 40 ஜூல். ஆயிரத்தில் ஒரு பங்கு. மொத்த ஆற்றலைக் கணக்கிட்டு, அதிலிருந்து இயக்க ஆற்றலையும் காந்த ஆற்றலையும் கழித்து வெப்பத்தைப் பெறும் நிரலில், காந்தப் பகுதியில் 0.1 சதவீதம் பிசகினாலே வெப்ப ஆற்றல் முழுவதும் அடித்துப் போகும். அழுத்தம் எதிர்மறையாகும், கணக்கு நின்றுவிடும். நிற்காமல் இருக்கப் பலர், இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு குறைந்தபட்ச வெப்பநிலையை விதித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை அந்த வரம்பு தலையிடும்போதும் எங்கிருந்தோ ஆற்றல் சேர்கிறது, அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

வெப்ப ஆற்றல் சமன்பாட்டைத் தனியாகத் தீர்க்கும் நிரல்களில் இந்தச் சிக்கல் இல்லை. பதிலுக்கு, கட்டத்தின் கரடுமுரடால் அறுந்து இணையும் காந்தக் கோடுகளின் ஆற்றல் வெப்பமாகாமல் காணாமல் போகும். எந்த வழியானாலும் மருந்து ஒன்றுதான். அடிப்பரப்பு வழியாக நுழைந்த ஆற்றல், பெட்டிக்குள் தேங்கியது, கதிர்வீச்சாகவும் மேல் எல்லை வழியாகவும் வெளியேறியது ஆகியவற்றை ஒவ்வொரு சேமிப்பிலும் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். கணக்கில் விழும் துண்டு, கொரோனாவுக்கு வேண்டிய வெப்பத்தோடு ஒப்பிடும் அளவுக்கு இருந்தால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஓட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது.

இடைநிலை அடுக்கு

அடர்த்தி தவறிப்போவது பெரும்பாலும் இங்கேதான். பரப்புக்கும் கொரோனாவுக்கும் இடையிலுள்ள நிறமண்டலத்தின் சுமார் 10,000 கெல்வினிலிருந்து கொரோனாவின் 10 லட்சத்துக்கு வெப்பநிலை தாவும் அடுக்கு மிக மெல்லியது. 1 லட்சம் கெல்வினில் கடத்துதிறன் மீட்டருக்கு, கெல்வினுக்கு 30 வாட் அளவில்தான் இருக்கும். மேலிருந்து சதுர மீட்டருக்கு 3,000 வாட் இறங்கினால், ஒவ்வொரு மீட்டருக்கும் 100 கெல்வின் மாற வேண்டும்; அதாவது வெப்பநிலை ஒரு கிலோமீட்டரில் இரட்டிப்பாகும். 19 கி.மீ. செல்லுக்கு இது அகப்படாது. இறங்கும் வெப்பம் ஒரே செல்லில் தாவிக் குதித்து, அடர்ந்த நிறமண்டலத்தில் கதிர்வீச்சாகக் கரைந்துவிடும். மேலே ஆவியாகி வளையத்தை நிரப்ப வேண்டிய பிளாஸ்மா எழும்பாது. பிராட்ஷாவும் கார்கிலும் 2013இல் ஒற்றைப் பரிமாண மாதிரிகளில் இதை அளந்து காட்டினார்கள்: கட்டம் போதாவிட்டால் அடர்த்தி பாதியாகவோ அதற்கும் கீழாகவோ போய்விடும். வெப்பநிலையில் மட்டும் பெரிய வித்தியாசம் தெரியாது!

மாற்று வழிகளில் ஒன்று, குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே கடத்துதிறனைக் கூட்டி, அதே விகிதத்தில் கதிர்வீச்சைக் குறைத்து, அடுக்கைச் செயற்கையாகத் தடிக்க வைப்பது. ஜான்ஸ்டனும் பிராட்ஷாவும் 2019இல் தந்த முறை அந்த வரம்பைக் கட்டத்துக்கேற்பத் தானே தீர்மானிக்கிறது. இதில் கொரோனாவின் அடர்த்தி சரியாக வரும், ஆனால் தடிக்க வைத்த அடுக்கிலிருந்து வரும் நிறமாலைக் கோடுகளை அளவீட்டோடு ஒப்பிடும்போது கவனம் வேண்டும். நிரல் சரியா என்று சோதிக்க எளிய வழி: 1,00,000 கி.மீ. நீள வளையத்தில் சீரான வெப்பம் செலுத்தி, அது நிலைபெறும்வரை ஓட்டுங்கள். அழுத்தம் 0.03 பாஸ்கலில் நின்றால் உச்ச வெப்பநிலை 16 லட்சம் கெல்வினை ஒட்டி வர வேண்டும்.

நேரப்படியும் தொடக்கமும்

அதே 19 கி.மீ. செல்லில், 10 லட்சம் கெல்வினில், வெப்பக் கடத்தலை நேரடி முறையில் கணக்கிட்டால் நேரப்படி ஒரு மில்லிநொடிக்கும் கீழே. ஒரு மணி நேரச் சூரியனுக்கு 48 லட்சம் படிகள். அதனால் பைஃப்ராஸ்ட், நீளமான படிகளிலும் நிலைகுலையாத மறைமுக முறையைப் பயன்படுத்துகிறது. மியூராம், வெப்பத்துக்கு ஒரு வேக வரம்பு வைக்கும் முறையைக் கையாள்கிறது. சூரியப்புள்ளிக்கு மேலே ஆல்ஃவேன் வேகம் நொடிக்குப் பத்தாயிரக்கணக்கான கி.மீ. ஆகும்போது அதற்கும் ஒரு செயற்கை வரம்பு போடுவார்கள். மெதுவாக நகரும் வளையங்களுக்கு அதனால் பெரிய கேடில்லை. அலைகள் கடக்கும் நேரத்தை ஆராயும் வேலைக்கு அந்தத் தரவு உதவாது. வரம்பு எவ்வளவு என்பது கட்டுரையின் செய்முறைப் பகுதியில் ஒரு வரியாகத்தான் இருக்கும், தேடிப் பாருங்கள்.

மேலே சொன்ன அடர்த்தியில் கொரோனா கதிர்வீச்சால் குளிர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அதற்குள் எடுத்த தரவில் தெரிவது, நாம் தொடக்கத்தில் வைத்த வளிமண்டலத்தின் மிச்சமே. குறைந்தது முதல் ஒரு மணி நேரத்தையாவது ஒதுக்கிவிடுவது நல்லது.

படமாக்கும்போது

171 ஆங்ஸ்ட்ரம் (17.1 நானோமீட்டர்) மஞ்சள், 193 பழுப்பு என்ற நிறங்கள், சூரியனைக் கண்காணிக்கும் நாசாவின் எஸ்டிஓ விண்கலப் படங்களுக்கு நாம் பூசும் அடையாளங்கள். சிமுலேஷன் படங்களுக்கும் அதையே பூசுவதால் பார்ப்பவர்கள் புகைப்படம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். படத்தின் கீழே "கணினி மாதிரி" என்று எழுதுவது குறைந்தபட்சக் கடமை. படமாக்கும் கணக்கிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. கொரோனாவில் இரும்பின் செறிவு, பரப்பில் உள்ளதைவிட மூன்று நான்கு மடங்குவரை கூடுதலாக இருக்கலாம். கதிர்வீச்சு இழப்பைக் கணக்கிடும்போது ஒரு செறிவுப் பட்டியலையும் படமாக்கும்போது வேறொன்றையும் எடுத்தால், பிரகாசம் அந்த மடங்குக்குத் தவறும். 131 ஆங்ஸ்ட்ரம் வடிகட்டி சுமார் 5 லட்சம் கெல்வினையும் 1 கோடி கெல்வினையும் ஒரே நேரத்தில் காட்டும். அங்கே தெரியும் பிரகாசத்தைப் பார்த்து "மிகச் சூடான பிளாஸ்மா" என்று முடிவுகட்டக் கூடாது.

அடர்த்திக்கு நேரடிச் சோதனை, ஹினோடே விண்கலம் அளக்கும் 202.04, 203.82 ஆங்ஸ்ட்ரம் இரும்புக் கோடுகளின் விகிதம். செறிவுப் பட்டியல் எதுவானாலும் இந்த விகிதம் மாறாது. கோடுகளின் அகலத்தையும் சேர்த்துப் பாருங்கள். வெப்பத்தால் வரும் அகலத்தைக் கழித்த பிறகும் அளவீடுகளில் நொடிக்குச் சுமார் 20 கி.மீ. மிஞ்சுகிறது, பல மாதிரிகளில் அவ்வளவு மிஞ்சுவதில்லை.

2024 ஜனவரி 6 அன்று, பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள எல்1 புள்ளியைச் சுற்றிய பாதையை அடைந்த ஆதித்யா-எல்1இல், கொடைக்கானல் ஆய்வகத்தையும் நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாக்கிய கொரோனா வரைவி (சூரிய வட்டை மறைத்துக் கொரோனாவைப் படமெடுக்கும் கருவி) இருக்கிறது. 530.3, 789.2, 1074.7 நானோமீட்டர் கோடுகளில் அது பார்க்கிறது. இந்தத் தரவோடு சிமுலேஷனை ஒப்பிட விரும்பும் மாணவர்கள், புறஊதாப் படங்களுக்கு எழுதிய நிரலை அப்படியே எடுத்து ஓட்டிவிட வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அகச்சிவப்பிலும் உள்ள இக்கோடுகளை, மோதல்கள் மட்டுமல்லாமல் சூரியப் பரப்பிலிருந்து வரும் ஒளியும் தூண்டுகிறது. விளிம்பருகே பிரகாசம் அடர்த்தியின் வர்க்கத்தை ஒட்டிப் போகும். உயரம் கூடக்கூட அடர்த்தியின் முதல் மடிக்கு நகரும். வர்க்கத்தையே எல்லா உயரத்துக்கும் வைத்தால் மேலே போகப்போக மாதிரி மங்கலாகத் தெரியும். அந்த மங்கலை வெப்பமூட்டலின் குறை என்று நினைத்துச் சரியான மாதிரியில் கைவைப்பதற்கு முன், பரப்பு ஒளியின் தூண்டுதலைச் சேர்த்துக் கணக்கை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.