ஏதென்ஸில் குறுஞ்செய்தி போகாத நாள்

2005 ஜனவரி கடைசி வாரம். கிரேக்கத் தலைநகர் ஏதென்ஸில் வோடபோன் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் சின்னக் கோளாறு. வேறு நிறுவனத்து எண்களிலிருந்து வந்த சில குறுஞ்செய்திகள் உரியவருக்குப் போய்ச் சேரவில்லை. அந்த எக்ஸ்சேஞ்சைத் தயாரித்தது ஸ்வீடனின் எரிக்சன். அதன் ஆட்கள் வாரக்கணக்கில் குடைந்து பார்த்துவிட்டு, மார்ச் 4ஆம் தேதி காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். எக்ஸ்சேஞ்சுக்குள் எரிக்சன் எழுதாத நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

2004 ஆகஸ்ட் ஒலிம்பிக்கை ஒட்டிய நாட்களிலிருந்து நூறு பேருக்கும் மேலானோரின் செல்போன் பேச்சை அது நகலெடுத்துவந்தது. அந்த நூறு பேரில் பிரதமர் கோஸ்டாஸ் கரமான்லிஸும் அவர் மனைவியும் இருந்தார்கள். பாதுகாப்பு அமைச்சர், வெளியுறவு அமைச்சர், ஏதென்ஸ் மேயர் ஆகியோரும் இருந்தார்கள்.

தேசப் பாதுகாப்பா, குடிமக்களின் உரிமையா என்று பட்டிமன்றம் போல இரண்டு அணி பிரித்துப் பேசுவதுதான் வழக்கம். ஏதென்ஸில் ஒட்டுக்கேட்கப்பட்டவர்களோ பாதுகாப்பு அணியின் தலைவர்கள். அதைவிட வேடிக்கை, உளவாளிகள் இதற்கென்று தனியாக ஒட்டுக்கேட்கும் கருவி எதையும் கொண்டுவரவில்லை. போலீசுக்காகச் செய்து வைத்திருந்ததையே எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அந்தக் காலத்துத் தாமிரக் கம்பி போனில் ஒட்டுக்கேட்க வேண்டுமானால் கம்பியில் இன்னொரு கம்பியைக் கொக்கி போட வேண்டும். சிக்னலில் கொஞ்சம் அந்தப் பக்கம் போய்விடுவதால் குரல் லேசாக மங்கலாம், 'டிக்' என்று ஓசை வரலாம். சினிமாவில் ஆட்கள் ரிசீவரைச் சந்தேகத்தோடு பார்ப்பது அதனால்தான். டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சில் அந்தத் தொல்லை இல்லை. குரல் அங்கே வெறும் எண்களின் ஓட்டம். எக்ஸ்சேஞ்சின் வேலையே இந்த ஓட்டத்தை வாங்கி, சரியான ஆளுக்குத் திருப்பிவிடுவது. ஒரு இடத்துக்கு அனுப்புவதை இரண்டு இடத்துக்கு அனுப்பு என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதும். நகலெடுப்பதால் அசல் தேயாது, எந்த ஓசையும் வராது. பேசுகிறவர் காதை எவ்வளவு தீட்டிக்கொண்டாலும் கண்டுபிடிக்க முடியாது.

செல்போன் பேச்சைப் பூட்டித்தானே அனுப்புகிறார்கள் என்று கேட்கலாம். பூட்டித்தான் அனுப்புகிறார்கள், ஆனால் அந்தப் பூட்டு கைபேசிக்கும் டவருக்கும் இடையே காற்றில் போகும் தூரத்துக்கு மட்டும்தான். நெட்வொர்க்கின் உள்ளே போனதும் பூட்டைக் கழற்றிவிடுவார்கள். எக்ஸ்சேஞ்சுக்குள் பேச்சு திறந்தபடிதான் கிடக்கும்.

அமெரிக்கா 1994இல் ஒரு சட்டம் போட்டது. போலீஸ் நீதிமன்ற ஆணையோடு வந்தால் ஒட்டுக்கேட்க வசதியாக, தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் கருவிகளை முன்கூட்டியே அமைத்து வைத்திருக்க வேண்டும் என்றது. ஐரோப்பாவும் தனக்கென்று தரவிதிகளை வகுத்தது. தயாரிப்பாளர்களும் எக்ஸ்சேஞ்சிலேயே அந்த வசதியைச் சேர்த்து விற்கத் தொடங்கினார்கள்.

எரிக்சனின் அமைப்பில் இது இரண்டு பகுதிகளாக இருந்தது. ஒன்று, பேச்சை நகலெடுக்கிற பகுதி. இன்னொன்று, எந்த ஆணையின்படி எந்த எண்ணைக் கேட்கிறோம் என்று பதிந்து மேலாண்மை செய்கிற பகுதி. நகலெடுப்பதற்கு ஆணை எதுவும் தேவையில்லை, எண்ணைக் கொடுத்தால் வேலையைத் தொடங்கிவிடும். இரண்டு பகுதிகளிலும் தனித்தனிப் பட்டியல் இருக்கும். ரேஷன் கடையில் இருப்பையும் பதிவேட்டையும் ஒத்துப் பார்ப்பது போல இரண்டையும் ஒத்துப் பார்த்தால், கள்ளத்தனமாக நுழைந்த எண் மாட்டிக்கொள்ளும்.

ஏதென்ஸில் ஓட்டை விழுந்தது இந்த இடத்தில்தான். 2003இல் செய்த மென்பொருள் மேம்படுத்தலோடு நகலெடுக்கும் பகுதி எக்ஸ்சேஞ்சுக்குள் வந்துவிட்டது. மேலாண்மைப் பகுதியை வோடபோனின் கிரேக்க நிறுவனம் அப்போது வாங்கியிருக்கவில்லை. ஒத்துப் பார்க்க இரண்டாவது பட்டியலே கிடையாது.

உள்ளே நுழைந்தவர்களின் கைவேலையைப் பொறியாளர்கள் இன்றும் ஒருவித மரியாதையோடுதான் சொல்கிறார்கள். இந்த வகை எக்ஸ்சேஞ்சை நிறுத்தாமலே நிரலை மாற்றலாம். தொலைபேசிச் சேவையை அடிக்கடி அணைத்துப் போட முடியாதே! அந்த வசதியைப் பிடித்துக்கொண்டு நான்கு எக்ஸ்சேஞ்சுகளின் நினைவகத்தில் சுமார் 6,500 வரி நிரலைச் செருகினார்கள். என்னென்ன நிரல்கள் ஓடுகின்றன, அவை மாறாமல் இருக்கின்றனவா என்று காட்டும் கட்டளையையே திருத்தி, தங்கள் நிரல் கண்ணில் படாதபடி செய்தார்கள். சாதாரணக் கட்டளை ஒன்றைத் தட்டி, அதன் பின்னால் ஆறு முறை இடைவெளி விட்டால், கொடுத்த கட்டளைகளைக் குறித்துவைக்கும் செயல்பதிவேடு அணைந்துவிடும். பதிவேடு அணைந்ததை அறிவிக்கும் எச்சரிக்கையும் சேர்ந்து அணைந்துவிடும். நகலெடுத்த பேச்சு 14 ப்ரீபெய்டு செல்போன்களுக்குப் போனது. இத்தனை கச்சிதமாகச் செய்தவர்கள் தங்கள் நிரலைப் புதுப்பிக்கும்போது எங்கோ சறுக்கினார்கள். அதனால்தான் குறுஞ்செய்திகள் நின்றன. இல்லாவிட்டால் இன்னும் எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருப்பார்களோ!

கண்டுபிடித்ததும் வோடபோன் செய்த முதல் வேலை, நிரலை உடனே அழித்தது. அந்தப் பக்கம் இருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள், 14 போன்களும் அணைந்தன. அவற்றை வைத்துக்கொண்டு ஆளைப் பிடிக்க இருந்த நல்ல வாய்ப்பு போய்விட்டது.

இது ஏதோ பழைய கதை என்று விடவும் முடியவில்லை. 2024இல் சீன அரசோடு தொடர்புடைய குழு ஒன்று அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்கள் பலவற்றுக்குள் புகுந்தது. நீதிமன்ற ஆணைகளின்படி காவல் அமைப்புகள் கேட்டிருந்த தகவல்களில் சிலவும் நகலெடுக்கப்பட்டதாக எஃப்.பி.ஐ.யே நவம்பரில் அறிவித்தது. யாரையெல்லாம் அமெரிக்கா கண்காணிக்கிறது என்பது இன்னொரு நாட்டு உளவாளிக்கு எவ்வளவு இனிப்பான செய்தி! அடுத்த மாதம் அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை, குறிவைக்கப்படக்கூடிய உயர்பதவியினருக்கு ஓர் அறிவுரை வெளியிட்டது. முனைக்கு முனை மறையாக்கம் உள்ள செயலிகளில் மட்டும் பேசுங்கள் என்பது அதில் ஒன்று. அந்த முறையில் சாவி பேசும் இருவரின் கைபேசிகளில் மட்டுமே இருக்கும், எக்ஸ்சேஞ்சில் நகலெடுத்தாலும் கிடைப்பது புரியாத எண்குவியல்தான். இந்த மறையாக்கத்தால் குற்றவாளிகள் தப்பிக்கிறார்கள் என்று எஃப்.பி.ஐ. பல ஆண்டுகளாகப் புலம்பி வந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால் சிரிப்பு வரும்.

சரி, நம் நாட்டில்? இந்தியாவில் ஒட்டுக்கேட்க நீதிபதியின் கையெழுத்து தேவையில்லை, உள்துறைச் செயலாளரின் ஆணை போதும். 1996இல், பி.யு.சி.எல். என்ற குடிமக்கள் உரிமை அமைப்பு தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சில கட்டுப்பாடுகளை விதித்தது. ஆணைகளைச் சரிபார்க்க மறுஆய்வுக் குழு ஒன்று வந்ததும் அப்படித்தான். மத்திய அரசில் அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் மூன்று அதிகாரிகள் கொண்ட அந்தக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். ஏதென்ஸில் இல்லாத இரண்டாவது பட்டியல் இங்கே இருக்கிறது, அதைப் படிக்கவும் ஆள் இருக்கிறது.

2018இல், தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக அரசு அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் அறிக்கை, ஒவ்வொரு கூட்டத்திலும் இந்த மறுஆய்வுக் குழுவின் முன்னால் 15,000 முதல் 18,000 ஆணைகள் வரை வருவதாகக் குறிப்பிட்டது. எட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்து பார்த்தால்கூட ஓர் ஆணைக்கு இரண்டு நொடி தேறாது.