எஸ்டிமேட் போடும் முன்பே சங்கத்தைக் கேட்கச் சொல்லுங்கள்

கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர் சமுதாயக் கூடத்துக்குச் சாய்தளம் போட்டார்கள். வாசல் 3 அடி உயரம். 1 அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு, அப்படியென்றால் 36 அடி. போட்டதோ 10 அடி. என் தம்பியைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருக்கிறது, மழைக்காலத்தில் பாசி பிடித்துவிட்டால் அதுவும் முடியாது, பிடித்துக்கொள்ளக் கம்பியும் கிடையாது. பில் பாஸ் ஆகிவிட்டது, இனி யார் இடித்துக் கட்டப்போகிறார்கள்? மலைச்சரிவில் கீழ்ப்பக்கம் 3 அடி உயரம் என்றால் மேல்பக்கம் தரையோடு தரையாக இருக்கும். மேல் ரோட்டுப் பக்கம் ஒரு கதவு வைத்தால் சாய்தளமே வேண்டாம் என்று எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கேட்கத்தான் ஆளில்லை.

இப்படிக் கேட்பது தயவு இல்லை, கடமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. எங்களைப் பற்றிய முடிவுகளை எடுக்கும்போது எங்கள் அமைப்புகளைக் கலந்துபேச வேண்டும் என்கிறது அதன் 4-ஆவது பிரிவு. எங்கள் அமைப்பு என்றால் மாற்றுத்திறனாளிகளே நடத்தும் சங்கம். எங்களுக்காக நல்லது செய்யும் தொண்டு நிறுவனம் வேறு. அவர்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் அவர்களைக் கூப்பிட்டு ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் எங்களைக் கேட்டதாகிவிடாது. அதேபோல கால் ஊனமுள்ள ஒருவரை மட்டும் கேட்டுவிட்டுப் போவதும் போதாது. பார்வையில்லாதவருக்குப் படிக்கட்டு விளிம்பில் கைப்பிடி வேண்டும், காது கேளாதவருக்குக் கூட்டத்தில் சைகை மொழி பெயர்ப்பாளர் வேண்டும், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் தேவை அவர்களோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசினால்தான் தெரியும்.

சரி, நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்து, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 37-ஆவது பிரிவு முக்கியம்: வறுமை ஒழிப்பு, வளர்ச்சித் திட்டங்களில் 5 சதவீத இடஒதுக்கீடு, வீடு, விவசாய நில ஒதுக்கீட்டிலும் 5 சதவீதம், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு. பெண்களுக்கு முன்னுரிமை. மாற்றுத்திறனாளிகள் வந்துபோகும் வசதிக்கான விதிப்படி இல்லாத கட்டடத்துக்கு அனுமதியே தரக்கூடாது என்கிறது 44-ஆவது பிரிவு. பழைய பொதுக் கட்டடங்களைச் சரிசெய்யக் கொடுத்த 5 வருஷம் 2022-லேயே முடிந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இன்னொரு நல்ல காரியம் நடந்தது. 2025 ஏப்ரலில், ஊராட்சி முதல் மாநகராட்சி வரை மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கச் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. உள்ளாட்சி மன்றத்துக்குள் நம் ஆள் உட்காருவது பெரிய விஷயம்தான், ஆனால் ஒரே ஆள் எல்லா வகைக் குறைபாட்டுக்கும் பேச முடியாது, அவருக்குப் பின்னால் சங்கம் நிற்க வேண்டும்.

நாம் நுழைய வேண்டிய இடம் கிராம சபை. வருஷத்துக்கு 6 தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சபை கூடும் இடமே 40 படி இறங்கிப் போவதாக இருந்தால் இடத்தை மாற்றச் சொல்லி முன்கூட்டியே ஊராட்சிச் செயலரிடம் எழுதிக் கொடுங்கள். 'ஊராட்சிப் பணிகளுக்கு எஸ்டிமேட் போடும் முன் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தோடு இடத்தைப் பார்வையிட வேண்டும்' என்று தீர்மானம் கேளுங்கள், அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கண்ணால் பாருங்கள். மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் நடைபாதை, படிக்கட்டு வேலை வருகிறது என்று தெரிந்தால் கலெக்டருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதுங்கள். அதே 2016 சட்டத்தின் 72-ஆவது பிரிவில் மாவட்டக் குழு ஒன்று உண்டு, அதிலும் இதை எழுப்பலாம்.

உபகரணங்களும் இதே கதைதான். கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டி சமவெளியில் வரப்பிரசாதம். இங்கே தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து மேல் ரோட்டுக்கு வரவே அதில் முடியாது, இறக்கத்தில் பிரேக்கும் நிற்காது. எங்கள் தெருவில் ஒன்று கோழி அடைக்கத்தான் பயன்படுகிறது. அந்த வண்டி கிடைத்த அக்கா இன்னமும் தவழ்ந்துதான் படி ஏறுகிறார். வாங்குவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், படியோரம் இரும்புக் கம்பி போதும் என்றிருப்பார்.

எழுதியும் யாரும் காதில் வாங்கவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குப் புகார் அனுப்பலாம். அவர் பரிந்துரைத்தால், என்ன செய்தோம் என்றோ ஏன் ஏற்கவில்லை என்றோ சம்பந்தப்பட்ட அலுவலகம் 3 மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அப்போது முதலில் கேட்பது நீங்கள் கொடுத்த மனுவின் நகலையும் ரசீதையும்தான், இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.