மெந்தாலுக்கு எந்தக் கை?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஆறாம் படிவ மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “கைத்தன்மையுள்ள சேர்மத்தை ஆய்வகத்தில் செய்தால் வலமும் இடமும் பாதிப் பாதி வரும் என்று படித்தோம். அப்படியென்றால் தொழிற்சாலையில் மெந்தாலை மட்டும் எப்படி ஒரே கையாகச் செய்கிறார்கள்?” வலக்கையும் இடக்கையும் போல, தன் ஆடி பிம்பத்தோடு பொருந்தாத மூலக்கூறைத்தான் கைத்தன்மையுள்ளது என்கிறோம்.

மெந்தால் என்றதும் நமக்குக் கோடாலித் தைலம்தான் நினைவுக்கு வரும். நெற்றி ஜில்லென்று ஆவதற்குக் காரணம், தோலின் நரம்பு முனைகளில் குளிரை உணரும் புரதத்தை மெந்தால் தூண்டிவிடுவதுதான். அதன் ஆடி பிம்பத்திலும் அதே அணுக்கள், அதே பிணைப்புகள். ஆனால் குளிர்ச்சி மிகக் குறைவு.

பாதிப் பாதி வரக் காரணம் எளிது. வலத்துக்குப் போகும் பாதைக்கும் இடத்துக்குப் போகும் பாதைக்கும் ஒரே அளவு ஆற்றல்தான் தேவை. இந்தச் சமநிலை எப்படிக் குலையும் என்பதற்கு ரப்பர் மரத்தைப் பாருங்கள். பால் வெட்டியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், கோடு எப்போதும் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும். பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக நிற்பதில்லை, சில டிகிரி வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால் அந்தக் கோடு அதிகக் குழாய்களை அறுக்கும், மங்கு நிறையும். எதிர்ப்பக்கம் சாய்த்து வெட்டினால் பால் குறையும். குழாய்கள் நேராக இருந்திருந்தால் எப்படி வெட்டினாலும் ஒன்றுதான். வேதிவினையிலும் இதே கதை. வினையை விரைவாக்கும் வினையூக்கிக்கே ஒரு கை இருந்துவிட்டால், இரண்டு பாதைகளும் சமமாக இருக்க முடியாது.

இரண்டு பாதைகளின் ஆற்றலில் எவ்வளவு வேறுபாடு வேண்டும்? எனக்கு இன்னும் வியப்பு தீராத இடம் இது. அறை வெப்பநிலையில் மோலுக்குச் சுமார் 11 கிலோஜூல் இருந்தால் 99க்கு 1 என்று பிரிந்துவிடும். தண்ணீரில் இருக்கும் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் வலிமையில் ஏறக்குறைய பாதி, அவ்வளவுதான். அதையும் பாதியாக்கினால் 91க்கு 9.

ஜப்பானின் ரியோஜி நொயோரி 1966இல் கியோட்டோவில் செம்பு வினையூக்கியை வைத்து ஒரே கையைப் பெற முயன்றபோது, கிடைத்தது 55க்கு 45ஐக்கூடத் தாண்டவில்லை. மருந்துக்கும் உதவாது, வாசனைக்கும் உதவாது. ஆனாலும் விடவில்லை. நகோயாவுக்குப் போன பிறகு வினையூக்கிக்குக் கை தரும் பைநாப் என்ற மூலக்கூறில் பல ஆண்டுகள் மல்லுக்கட்டி, 1980இல் வெளியிட்டார். மூன்று வருடத்தில் காப்புரிமை எங்கே என்று கேட்கும் இன்றைய நிதிக் குழுக்கள் முன்னால் அந்த 55க்கு 45ஐ வைத்திருந்தால், கோப்பை அன்றே மூடியிருப்பார்கள் என்பது என் கருத்து. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வில்லியம் நோல்ஸ், பேரி ஷார்ப்லெஸ் இருவரும் உடன் பகிர்ந்துகொண்டனர்.

பைநாப்பை உற்றுப் பார்ப்போம். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் போன்ற இரண்டு தட்டுகள், ஒற்றைப் பிணைப்பில் இணைந்திருக்கும். நெருக்கடி தாங்காமல் ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும், திரும்பவும் முடியாது. கைத்தன்மை தரும் கார்பன் ஒன்றுகூட இல்லாமல், அந்த முறுக்கே அதற்குக் கையாகிவிடுகிறது. இரு தட்டுகளிலும் உள்ள பாஸ்பரஸ் அணுக்கள் ரோடியம் என்ற உலோகத்தின் ஓர் அணுவைக் கவ்விப் பிடிக்கும். பாஸ்பரஸில் ஒட்டியிருக்கும் பென்சீன் வளையங்கள் ரோடியத்தைச் சுற்றியுள்ள நான்கு மூலைகளில் எதிரெதிரான இரண்டை அடைத்துக்கொள்ளும்.

பைன் மரப் பிசினிலிருந்து தொடங்கிச் செய்த, நைட்ரஜன் உள்ள அமீன் மூலக்கூறு இந்த இடத்துக்குள் நுழைகிறது. முதலில் அதன் நைட்ரஜன் ரோடியத்தைப் பற்றுகிறது. பிறகு நைட்ரஜனுக்குப் பக்கத்துக் கார்பனிலிருந்து ரோடியம் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கி, இரண்டு கார்பன் தள்ளி வைக்கிறது. இரட்டைப் பிணைப்பின் எந்த முகத்தில் வைப்பது? ஒரு முகத்தைக் காட்டி உட்கார்ந்தால் பென்சீன் வளையம் இடிக்கும், மறுமுகத்துக்கு இடம் தாராளம். கை அங்கேயே முடிவாகிவிடுகிறது.

அதைத் தண்ணீரால் பிரித்தால் சிட்ரோனெல்லால் (citronellal). நம் ஊர் சேராய் வாங்கிப் புல்லின் வாசனையும் இதுதான், ஆனால் புல் தருவதைவிட இது கைத்தூய்மையானது! ‘இயற்கைதான் சுத்தம், செயற்கை எல்லாம் விஷம்’ என்று சந்தையில் தைலம் விற்பவர்கள் இதைக் கொஞ்சம் கேட்கலாம்.

தக்காசாகோ நிறுவனம் 1980களில் இதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனது. மெந்தாலில் கைத்தன்மையுள்ள கார்பன்கள் மூன்று. வினையூக்கி தீர்மானிப்பது ஒன்றைத்தான். அப்புறம் துத்தநாக புரோமைடு சேர்த்து, சங்கிலியாக இருக்கும் சிட்ரோனெல்லாலை வளையமாக மூடும்போது, பெரிய தொகுதிகள் எல்லாம் நெருக்கமில்லாத வெளிப்பக்கத்தையே நாடும். அதனால் மற்ற இரண்டும் முதல் கார்பனைப் பார்த்துத் தாமாகவே சரியான பக்கம் அமைந்துவிடுகின்றன. மீதமிருக்கும் ஓர் இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் ஏற்றினால் மெந்தால்.