ஓரடித் தகடும் ஒரு வாளித் தண்ணீரும்: வெயிலிலிருந்து வெப்பமின்சாரம்

பழைய தண்ணீர் குளிரூட்டும் பெட்டியைப் பிரித்தபோது கிடைத்த பெல்டியர் தகட்டை (மின்சாரம் செலுத்தினால் ஒரு பக்கம் குளிரும் சிறு தகடு) வெயிலில் வைத்தால் மின்சாரம் வருமா என்று திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி மாணவர் கேட்டிருக்கிறார். வெயிலில் மட்டும் வைத்தால் சில நிமிடங்களில் நின்றுவிடும். வெயிலுக்கும் தண்ணீருக்கும் இடையில் வைத்தால் தொடர்ந்து வரும். செய்முறைக் காணொளிகள் பலவும் இந்தத் தண்ணீரைத்தான் மறந்துவிடுகின்றன.

வரலாறு தெரிந்ததுதான். 1821-ல் தாமஸ் சீபெக் இரு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து ஒரு சந்தியைச் சூடாக்கியபோது அருகிலிருந்த காந்த ஊசி விலகியது. வெப்பம் நேரே காந்தத்தை உண்டாக்குகிறது என்று அவர் கருதினார். வளையத்தில் மின்னோட்டம் பாய்வதே காரணம் என்று இயற்பியலாளர் ஊர்ஸ்டெட் விளக்கினார். 1834-ல் பெல்டியர் இதன் மறுதலையைக் கண்டார்: சந்தியில் மின்சாரம் செலுத்தினால் ஒரு பக்கம் குளிரும். குளிரூட்டும் பெட்டியிலிருந்த தகடு அந்த மறுதலைக்காகச் செய்யப்பட்டது. அதையே திருப்பிப் போட்டுச் சீபெக்கின் வழியில் வேலை வாங்கப்போகிறோம்.

தகட்டுக்கு வெப்பநிலை முக்கியமில்லை, வெப்பநிலை வேறுபாடுதான் முக்கியம். இரு பக்கமும் 80 பாகை செல்சியஸில் இருந்தால் ஒரு மில்லிவோல்ட்கூட வராது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் நின்றாலும் வயலின் மட்டமும் அதே உயரத்தில் இருந்தால் மடையைத் திறந்து பயனில்லை என்பது கடைமடை விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு கம்பியின் முனையைச் சூடாக்கினால் அங்குள்ள எலக்ட்ரான்கள் வேகம் பெற்றுக் குளிர்ந்த முனையை நோக்கிப் பரவுகின்றன, அங்கே எதிர்மின்னூட்டம் சேர்கிறது, அதனால் மின்னழுத்தம் தோன்றுகிறது என்று பாடநூல் சொல்லும். ஆனால், செம்பில் ஒரு பாகை வேறுபாட்டுக்கு 2 மைக்ரோவோல்ட்கூட ஏன் தேறுவதில்லை, அதன் திசையும் ஏன் பாடநூல் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது, பெல்டியர் தகட்டிலுள்ள பிஸ்மத் டெல்லுரைடில் மட்டும் ஏன் 200 மைக்ரோவோல்ட் அளவுக்குக் கிடைக்கிறது என்பவற்றுக்கு அந்த விளக்கத்தில் விடை இல்லை. உலோகத்தில் எலக்ட்ரான்கள் ஃபெர்மி மட்டம் என்னும் ஆற்றல் எல்லை வரை இடங்களை நிரப்பியிருக்கின்றன. சூடான முனையில் அவற்றுள் சில எல்லைக்கு மேலே எழும்புகின்றன. எழும்பிய ஒவ்வொன்றும் எல்லைக்குக் கீழே ஒரு காலியிடத்தை விட்டுச் செல்கிறது. மேலே எழும்பியவை குளிர்ந்த முனைக்குப் பாய்கின்றன. கீழே விழுந்த காலியிடங்களை நிரப்பக் குளிர்ந்த முனையிலிருந்து வேறு எலக்ட்ரான்கள் சூடான முனைக்கு வருகின்றன. போவதும் வருவதும் கிட்டத்தட்டச் சமமாகையால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மீதி நிற்பது அற்பம். அந்த அற்பம் எந்தத் திசையில் நிற்கும் என்பது அந்தந்த உலோகத்தின் நுணுக்கங்களைப் பொறுத்தது.

பிஸ்மத் டெல்லுரைடு போன்ற குறைகடத்தியில் இந்த ஈடுகட்டல் நடப்பதில்லை. அங்கே எலக்ட்ரான்கள் இருக்கவே முடியாத ஓர் ஆற்றல் இடைவெளி உண்டு. தக்க மாசுகளைக் கலந்து ஃபெர்மி மட்டத்தை அந்த இடைவெளியின் விளிம்புக்குக் கொண்டுவந்து நிறுத்தினால், எல்லைக்கு ஒரு பக்கம் மட்டுமே மின்னூட்டத்தைச் சுமப்பவை இருக்கும். மறுபக்கத்திலிருந்து வர ஆளில்லை. ஆகவே போவது மட்டும் நடக்கிறது. தகட்டுக்குள் இரு வகைக் குறைகடத்திக் கட்டிகள் உண்டு. என்-வகைக் கட்டியில் எலக்ட்ரான்கள் குளிர்ந்த பக்கத்துக்குப் போய் அதை எதிர்முனையாக்குகின்றன; பி-வகைக் கட்டியில் துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள், போய் நேர்முனையாக்குகின்றன. இரண்டையும் மாற்றி மாற்றித் தொடராக இணைத்தால் எல்லா அழுத்தங்களும் ஒரே திசையில் கூடும். கடைகளில் கிடைக்கும் டிஇசி1-12706 என்னும் தகட்டின் பெயரில் உள்ள 127, அதிலுள்ள இணைகளின் எண்ணிக்கை. 254 கட்டிகளுக்கும் தலா 200 மைக்ரோவோல்ட் எனக் கொண்டால் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.05 வோல்ட்.

இத்துடன் முடியவில்லை. கட்டி மின்சாரத்தை நன்றாகவும் வெப்பத்தை மோசமாகவும் கடத்த வேண்டும். இல்லையேல் சூடு மறுபக்கத்துக்கு ஓடி வேறுபாடே அழிந்துபோகும். எலக்ட்ரான்களே வெப்பத்தையும் சுமப்பதால் அந்தப் பங்கைத் தவிர்க்க வழியில்லை. படிகத்தின் அணுக்கள் அதிர்ந்து அதிர்ந்து கடத்தும் பங்கைத்தான் குறைக்க முடியும். பிஸ்மத்தும் டெல்லூரியமும் கனத்த அணுக்கள், அவற்றின் பிணைப்புகளும் தளர்ந்தவை. அதனால் அதிர்வுகள் மெதுவாகவே நகர்கின்றன. மின்னுக்கு வழிவிட்டு அதிர்வை மறிக்கும் இந்தக் குணத்தை இன்னும் கூர்மையாக்குவதே இத்துறையின் ஆய்வு முழுவதும். பெங்களூரிலுள்ள ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் கனிஷ்க பிஸ்வாஸின் குழு 2021-ல் வெளியிட்ட வெள்ளி-ஆன்டிமனி-டெல்லூரியச் சேர்மம் இவ்வகையில் உலகின் முன்னணிப் பொருள்களில் ஒன்று. இத்தகைய வேலை நம் மாவட்டக் கல்லூரிகளிலும் நடக்க வேண்டுமானால், விழா மேடைகளுக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியையாவது வெப்பக் கடத்துதிறனை அளக்கும் கருவிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

செய்முறைக்கு வருவோம். ஓரடிச் சதுரமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள அலுமினியத் தகடு, ஒரு பெல்டியர் தகடு, பழைய கணினியிலிருந்து கழற்றிய ஹீட் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் சிறகுகள் உள்ள உலோகத் துண்டு), வெப்பம் கடத்தும் பசை, ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு வாளி ஆகியவை போதும். பழைய இரும்புக் கடையையும் கணினி பழுதுபார்க்கும் கடையையும் நாடினால் செலவு சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். அலுமினியத்தின் மேற்பக்கத்தில் பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம் பூசி, அதன் மேல் விரற்கடை இடைவெளி விட்டுக் கண்ணாடியைப் பொருத்த வேண்டும். அடிப்பக்கத்தின் நடுவில் பெல்டியர் தகடும், அதற்கடியில் ஹீட் சிங்கும் வரும். இரண்டையும் இறுக்க மெல்லிய துருப்பிடிக்காத எஃகு ஆணிகளே ஏற்றவை. அலுமினிய ஆணி போட்டால் சூடு பெல்டியர் தகட்டைச் சுற்றிக்கொண்டு அந்த ஆணி வழியே கீழே போய்விடும். எஞ்சிய அடிப்பக்கத்தைத் துணிப்பையில் அடைத்த உமியால் மூடலாம். உமி நல்ல வெப்பக் காப்பு. டெல்டாவில் அதற்குப் பஞ்சமும் இல்லை. தெர்மோகோல் இந்தச் சூட்டில் நெகிழ்ந்துவிடும்.

ஹீட் சிங்கின் விரிசிறகுகள் தண்ணீரில் மூழ்குமாறு முழு அமைப்பையும் வாளியின் மேல் மூடி போல் வைக்க வேண்டும். தஞ்சாவூர் 10.8 பாகை அட்சரேகையில் இருப்பதால் சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி முற்பாதியிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே நிற்கிறது. ஆகவே தகட்டைச் சாய்க்கும் வேலை இல்லை. தெளிந்த நண்பகலில் ஓரடிச் சதுரத்தில் 90 வாட் அளவுக்கு வெயில் விழுகிறது. கண்ணாடியிலும் காற்றிலும் இழந்தது போக 25 வாட் பெல்டியர் தகட்டைக் கடந்து இறங்குவதாகக் கொள்வோம். காற்றில் நிற்கும் ஹீட் சிங்க் இந்த 25 வாட்டை வெளியேற்றத் தானே பல பத்துப் பாகை சூடாக வேண்டியிருக்கும். விசிறி வைத்தால் அந்த விசிறியே நாம் உண்டாக்கும் மின்சாரத்தைவிட அதிகம் கேட்கும். 10 லிட்டர் தண்ணீரோ ஒரு மணி நேரம் அந்த 25 வாட்டை வாங்கிக்கொண்டும் ஏறத்தாழ 2 பாகைதான் சூடேறும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் அந்த 2 பாகைகூட ஏறாது.

இணைப்புகளில் வீணாவது போகப் பெல்டியர் தகட்டின் இரு பக்கங்களுக்கிடையே 40 பாகை நின்றால் 2 வோல்ட் வரும். தகட்டின் உள்மின்தடை ஏறத்தாழ 2 ஓம் ஆகையால் அதற்குச் சமமான சுமையை இணைக்கும்போது மிகுதியாக அரை வாட் கிடைக்கும். அப்போது முனைகளில் 1 வோல்ட் இருக்கும், 0.9 வோல்ட்டிலிருந்து இயங்கும் மலிவான மின்னழுத்த உயர்த்தி ஒன்றைச் சேர்த்தால் வெள்ளை எல்இடி விளக்குகள் சிலவற்றை எரிக்கலாம். பெல்டியர் தகடுகள் நான்கைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் நான்கு மடங்கு வரும் என்று பலர் எண்ணுகிறார்கள். வருகிற வெப்பம் அதே 25 வாட்தான். அது நான்காகப் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் வேறுபாடு கால் பங்காகும், தொடராக இணைத்தாலும் மொத்த மின்னழுத்தம் மாறாது, மின்தடை மட்டும் நான்கு மடங்காகித் திறன் கால் பங்காகக் குறையும். லென்ஸ் வைத்து வெயிலைக் குவிப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும்: இவ்வகைத் தகடுகளில் பலவற்றின் பற்றாசு (கட்டிகளை ஒட்டவைத்திருக்கும் சால்டர்) 138 பாகையில் உருகிவிடும், வைக்கோல்போர் அருகில் லென்ஸை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

90 வாட்டில் அரை வாட் என்பது 0.6 சதவீதத்துக்கும் குறைவு. 1954-ல் சூரிய ஆற்றல் ஆய்வாளர் மரியா டெல்கெஸ் வெயிலைக் குவிக்காமல் எட்டியதும் 0.6 சதவீதம்தான், 2011-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெற்றிடக் கண்ணாடிக்குள் வைத்து 4.6 சதவீதம் எட்டினார்கள். அதே ஓரடியில் சாதாரண சூரியப் பலகை 15 வாட்டுக்குக் குறையாமல் தரும். ஒரு மெழுகுவத்தியும் பெல்டியர் தகடும் வீடு முழுவதற்கும் விளக்கேற்றும் என்று காட்டும் காணொளிகளை நம்புவதற்கும் தாயத்தை நம்புவதற்கும் நான் வேறுபாடு காண்பதில்லை. ஆனால், நெல் அவிக்கும் ஆலைப் புகைபோக்கியில் சூடு எப்படியும் வீணாகத்தான் போகிறது என்னும் இடத்தில் இந்தச் சதவீதக் கணக்கு அவ்வளவு உறுத்தாது.

சூரியப் பலகை செய்யாத ஒன்றையும் இந்த வாளி செய்யும். தை மாதத் தெளிந்த இரவில் கண்ணாடியை எடுத்துவிட்டு மெல்லிய பாலித்தீன் தாளை விரித்தால், கறுப்புத் தகடு தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானுக்கு அனுப்பித் தண்ணீரைவிடக் குளிர்ந்துவிடும். கண்ணாடி அக்கதிரைத் தடுக்கும், பாலித்தீன் வழிவிடும். இப்போது வெப்பம் கீழிருந்து மேலே பாய்வதால் மின்னழுத்தத்தின் குறி மாறும். 2019-ல் ஆஸ்வத் ராமனும் உடன் ஆய்வாளர்களும் இப்படிச் சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட் எடுத்து ஓர் எல்இடியை எரித்துக் காட்டினார்கள். கடலோர ஈரப்பதம் நம் வானின் குளிர்ச்சியைக் குறைத்துவிடும். 3 பாகை வேறுபாடு நின்றால் 0.15 வோல்ட் வரும். பகலில் பயன்பட்ட உயர்த்திக்கு அது போதாது. 20 மில்லிவோல்ட்டிலேயே இயங்கத் தொடங்கும் மின்சுற்றுகள் தனியே கிடைக்கின்றன, இணைக்கும்போது இரு கம்பிகளையும் இடம் மாற்றிக் கொடுக்க வேண்டும்.