படத்தைப் பார்த்துக் கட்டடத்தைச் சோதிக்கலாமா?

"இனி உங்கட வேலையை ஏஐ செய்திடுமாமே?" கட்டடப் பரிசோதனைக்குப் போகும் இடமெல்லாம் கேட்கிறார்கள். பாதியைச் செய்யும். வரைபடத்தை நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகளோடு ஒப்பிடுவது, ட்ரோன் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் வெடிப்புகளைத் தேடிப் பிடிப்பது, போன வருடத்தைவிட அவை அகன்றிருக்கிறதா என்று அளப்பது எல்லாவற்றிலும் அது எங்களைவிட வேகம். உயரமான மாடியின் வெளிச்சுவரைப் பார்க்க ஒருவரைக் கயிற்றில் இறக்குவதைவிட ட்ரோன் எவ்வளவோ நல்லது.

என் பயம் வேறு. வீட்டுக்காரர் போனில் படம் எடுத்து அனுப்ப, மென்பொருள் அறிக்கை எழுத, பொறியியலாளர் அந்த இடத்துக்கே போகாமல் கையெழுத்து வைக்கும் காலம் வந்துவிடக்கூடாது.

கொழும்பில் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைக் கடற்பக்க மாடிவீடுகளில் உப்புக் காற்று கொங்கிறீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பு இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிப்பதால் கொங்கிறீட் உள்ளிருந்தே பிளக்கும். தூணின் மூலையில் கம்பி ஓடும் திசையில் நெடுக்காக வெடிப்பு விழும். வாடகைக்கு விடுமுன் அதைப் பூசிப் பெயின்ற் அடித்துவிடுவார்கள். படத்தில் தூண் புத்தம் புதிது. சுத்தியலால் தட்டினால்தான் கோறையாய்ச் சத்தம் கேட்கும். பூச்சைக் கொத்தினால் பழுப்பாய்த் துரு உதிரும். மறுபக்கம், படத்தில் பயங்கரமாகத் தெரிவது வெறும் பூச்சு வெடிப்பாகவும் இருக்கும். வெடிப்பின் அகலம் 0.3 மில்லிமீற்றர் என்று இயந்திரம் துல்லியமாகச் சொல்லலாம். அது பூச்சோடு நிற்கிறதா, கொங்கிறீட் வரை போகிறதா என்று கொத்திப் பார்த்தால்தான் தெரியும்.

2017 மே மாதம் வெள்ளவத்தையில் மாடிக் கட்டடம் இடிந்து விழுந்ததை எங்கட ஆட்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்படி ஒன்று நடந்தால், பார்த்து ஒப்பம் வைத்தது யார் என்றுதான் கேட்பார்கள். மென்பொருளை நீதிமன்றத்துக்கு அழைக்க முடியாது.

புதிதாக வரும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களை நினைத்தால்தான் எனக்குக் கூடுதல் கவலை. படங்களைத் தரம்பிரித்து, அளவு குறித்து, அறிக்கையின் முதல் வரைவு எழுதித்தான் அவர்கள் தொழில் பழகுகிறார்கள். அந்த வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொண்டால், மிஞ்சும் நேரத்தில் அவர்களைக் கட்டாயம் கட்டடங்களுக்குக் கூட்டிப்போங்கள். சுத்தியலை அவர்கள் கையில் கொடுங்கள்.

பிளாட் வாங்க நினைப்பவர்களே, யார், எந்தத் திகதியில் நேரில் வந்தார், எந்தத் தூணில் பூச்சைக் கொத்திப் பார்த்தார் என்று அறிக்கையில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் முற்பணம் கொடுக்காமல், பொறியியலாளரை நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். கட்டடம் அனுமதி பெற்ற வரைபடப்படி கட்டப்பட்டது என்று காட்டும், சீ.ஓ.சீ. எனப்படும் இணக்கச் சான்றிதழின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள்.