முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு: நோய் வருவதற்கு முன்பே எடுக்க வேண்டிய அட்டை

ஏழைக் குடும்பத்தில் ஒருவருக்கு இதய அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அதன் செலவை அரசு ஏற்கும் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அரசு ஏற்பதற்கு முன்னால், அந்தக் குடும்பம் ஏழைதான் என்பதை மூன்று நான்கு மேசைகளில் நிரூபித்தாக வேண்டும் என்பது, நோயாளியை மருத்துவமனையில் சேர்த்த பிறகே பலருக்குத் தெரியவருகிறது. படுக்கையில் கணவர், வெளியே வராண்டாவில் கையில் ஒரு பிளாஸ்டிக் பையுடன் மனைவி, பைக்குள் ரேஷன் அட்டையும் ஆதார் நகல்களும்: இந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் பையில் ஒரு காகிதம் குறைந்ததற்காக அறுவை சிகிச்சை பத்து நாள் தள்ளிப்போனதையும் பார்த்திருக்கிறேன்.

திட்டத்தின் வரலாறு இங்கே அதிகம் தேவையில்லை. 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தின் இடத்தில் 2012 ஜனவரியில் இப்போதைய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018இல் அது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு ஏற்கப்படும். இது குடும்பம் முழுவதற்குமான தொகை, ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கிடைப்பதல்ல.

தகுதி என்ன என்று கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: குடும்ப அட்டையில் பெயர் இருக்க வேண்டும், குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இந்த ஒரு வரிக்குள்தான் எல்லாக் கண்ணிகளும் இருக்கின்றன.

முதலில் வருமானம். முன்பு 72,000 ரூபாயாக இருந்த வரம்பு பின்னர்தான் 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. பழைய வரம்பை மனதில் வைத்துக்கொண்டு திருப்பி அனுப்புபவர்கள் இருந்தால், வரம்பு மாறிவிட்டது என்று தயங்காமல் சொல்லுங்கள். ஆண்டுக்கு 1,20,000 என்றால் மாதத்துக்கு 10,000 ரூபாய். மாதச் சம்பளம் வாங்குபவர் இதைப் பார்த்த மாத்திரத்தில் தகுதி உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார். தினக்கூலிக்குப் போகிறவரிடம்தான் கணக்கு தவறுகிறது. கிராம நிர்வாக அலுவலர் “ஒரு நாளைக்கு என்ன கூலி?” என்று கேட்கிறார். கொத்தனார் வேலைக்குப் போகிறவர் சற்றுப் பெருமையோடு “எழுநூறு” என்கிறார். அதை முப்பது நாளால் பெருக்கி, மீண்டும் பன்னிரண்டால் பெருக்கினால் 2,52,000 ரூபாய் வந்துவிடும்; விண்ணப்பம் அந்த இடத்திலேயே முடிந்தது. அவருக்கு உண்மையில் மாதத்தில் பதினான்கு நாள்தான் வேலை கிடைக்கிறது என்றால் ஆண்டு வருமானம் 1,17,600 ரூபாய், அதாவது அவர் தகுதியுள்ளவர். ஆகவே கூலியைச் சொல்லும்போதே மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விண்ணப்பத்திலும் அப்படியே எழுதுங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்கப்படாத பாதி உண்மையை நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

வருமானச் சான்று வாங்குவது தனிக் கதை. கிராம நிர்வாக அலுவலர் இரண்டு கிராமங்களுக்குக் கூடுதல் பொறுப்பில் இருப்பார். ஜமாபந்தி (ஆண்டு வருவாய்க் கணக்குத் தணிக்கை) நடக்கும் நாட்களில் அவரைத் தாலுகா அலுவலகத்தில்தான் பிடிக்க முடியும். அவர் எழுதிக் கொடுத்த சான்றை எடுத்துக்கொண்டு காப்பீட்டு அட்டைக்குப் பதிவு செய்ய மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால், முத்திரை தெளிவாக இல்லை என்றோ, தேதி பழையது என்றோ சொல்லித் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. இரண்டு பேருந்து மாறி வந்தவருக்கு அந்த ஒரு வார்த்தையின் விலை ஒரு நாள் கூலி. எனவே சான்றை வாங்கியவுடன் அங்கேயே நின்று பெயர், முகவரி, வருமானத் தொகை, கையொப்பம், முத்திரை, தேதி ஆகியவற்றைச் சரிபாருங்கள். மையத்துக்குப் போகும்போது குடும்ப அட்டையின் அசலையும் அதில் உள்ள எல்லோருடைய ஆதார் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். முடிந்தவரை குடும்ப உறுப்பினர்களும் உடன் செல்வது நல்லது. “அவர் வரவில்லையா, அப்படியானால் நாளைக்கு வாருங்கள்” என்ற பதிலுக்கு இடம் கொடுக்காமல் இருக்க அதுவே வழி.

அடுத்தது குடும்ப அட்டை. ஒரு தவறான எண்ணத்தை முதலில் நீக்கிவிடுகிறேன்: இந்தத் திட்டத்துக்கு நீங்கள் அரிசி வாங்கும் அட்டைதாரரா, சர்க்கரை அட்டைதாரரா என்பது நிபந்தனை அல்ல. வருமானமும், அட்டையில் பெயர் இருப்பதும்தான் நிபந்தனைகள். அந்தப் பெயர் விஷயத்தில் அதிகம் பாதிக்கப்படுவது பெண்கள். திருமணமானவுடன் பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். கணவர் வீட்டு அட்டையில் சேர்ப்பதை, “ஆடி கழியட்டும், பிறகு பார்க்கலாம்” என்று ஆறு மாதம், ஒரு வருடம் தள்ளிப்போடுகிறார்கள். இடைப்பட்ட காலத்தில் அவளுக்கு ஏதாவது நேர்ந்தால் எந்தக் குடும்பத்தின் காப்பீடும் அவளுக்கு இல்லை. நீக்கல் சான்று கைக்கு வந்த வாரத்திலேயே புதிய அட்டையில் சேர்க்க விண்ணப்பித்துவிடுங்கள்.

முதியவர்களின் நிலை இதற்கு நேர் எதிர். தனியாக ஒரு அறையில் சமைத்துச் சாப்பிடும் தாயின் பெயர் மகனின் அட்டையிலேயே இருக்கும். மகனின் வருமானம் வரம்பைத் தாண்டியவுடன் மகனோடு தாயும் தகுதி இழந்துவிடுகிறார், அந்த மகன் மாதம் நூறு ரூபாய்கூடக் கொடுக்காவிட்டாலும். உண்மையிலேயே தனியாக வாழ்பவர் தனிக் குடும்ப அட்டை கேட்டு விண்ணப்பிப்பதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை. அதற்குக் காலம் பிடிக்கும். பிள்ளைகளைப் பொறுத்தவரை, வேலைக்குப் போனாலோ, திருமணம் ஆனாலோ, 25 வயது நிறைந்தாலோ, எது முதலில் நடக்கிறதோ அத்துடன் அவர்கள் பெற்றோரின் காப்பீட்டிலிருந்து விலகிவிடுவார்கள்.

பெயர் எழுத்து வேறுபாட்டையும் சிறிதாக எண்ண வேண்டாம். ஆதாரில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் குடும்ப அட்டையில் கணவர் பெயரும் இருந்தால் கணினி இருவரையும் வேறு வேறு ஆட்களாகவே பார்க்கும். நோய் வந்த பிறகு ஆதார் திருத்தத்துக்கு வரிசையில் நிற்பதைப் போன்ற வேதனை வேறில்லை.

இனி மருத்துவமனை. காப்பீட்டு அட்டை செல்லுமா என்று மட்டும் கேட்காதீர்கள். “செல்லும்” என்றுதான் பதில் வரும். ஒவ்வொரு தனியார் மருத்துவமனையும் குறிப்பிட்ட சில சிகிச்சைப் பிரிவுகளுக்கு மட்டுமே இந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கும். எலும்பு சிகிச்சைக்கு அனுமதி பெற்ற இடத்தில் சிறுநீரக சிகிச்சைக்கு அட்டை செல்லாமல் போகலாம். “இந்த நோயாளிக்கு, இந்த அறுவை சிகிச்சைக்கு, இந்த மருத்துவமனையில் திட்டத்தின் கீழ் செய்வீர்களா?” என்று முழுக் கேள்வியாகக் கேளுங்கள். பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சை முறைகள் இருக்கின்றன. சாதாரணக் காய்ச்சலுக்கான புறநோயாளிச் செலவு அதில் வராது.

சேர்ந்த பிறகு வரும் சொல் “முன்பணம்”. “இப்போதைக்குக் கட்டுங்கள், காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதி வந்ததும் திருப்பித் தருகிறோம்” என்பார்கள். நோயாளியிடம் பணம் வாங்காமல் சிகிச்சை தருவதுதான் இந்தத் திட்டம். நீங்களாகக் கட்டிவிட்டு ரசீதைக் காட்டித் திரும்பப் பெறுவதற்கான திட்டம் அல்ல. என் கண்முன்னே ஒருவர் தாலியை அடகு வைத்து நாற்பதாயிரம் கட்டினார். ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள், மருத்துவமனையின் பெயர்கூட அதில் இல்லை. பணம் கேட்டால் எதற்காக என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு கோரிக்கையிலேயே பேச்சின் தொனி மாறிவிடும். மாறாவிட்டால், வரவேற்பறையில் நின்றபடியே திட்டத்தின் கட்டணமில்லா எண்ணான 1800 425 3993ஐ அழையுங்கள்.

“அனுமதி இன்னும் வரவில்லை” என்று நாட்கணக்கில் சொன்னால், எந்தத் தேதியில் அனுப்பினீர்கள், காப்பீட்டு நிறுவனம் ஏதேனும் விளக்கம் கேட்டிருக்கிறதா என்று இரண்டே கேள்விகள் கேளுங்கள். பல நேரங்களில் மருத்துவமனையே ஒரு ஸ்கேன் அறிக்கையைப் பதிவேற்றாமல் வைத்திருக்கும். பழி மட்டும் அரசின் மீது விழும்.

அட்டையே இல்லாமல் நோயாளியைச் சேர்த்துவிட்டவர்கள் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போகலாம்; அங்கே சிகிச்சை பெறும் உரிமை இந்த அட்டையைப் பொறுத்தது அல்ல. உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்தவருக்கு அரசு மருத்துவமனை சிகிச்சை மறுப்பது வாழ்வுரிமையை மீறுவதாகும் என்று மேற்கு வங்க வழக்கு ஒன்றில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விலை உயர்ந்த உபகரணங்களைப் பொருத்த வேண்டிய சிகிச்சைகளுக்கு அங்கும் அட்டை கேட்பார்கள். அப்போது நோயின் பெயரையும் அறுவை சிகிச்சைக்கு உத்தேசித்த தேதியையும் குறிப்பிட்டு மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு ஆட்சியர் அலுவலகம் செல்லுங்கள். அந்தக் கடிதத்தைக் கண்டால் காகிதங்கள் சற்று வேகமாக நகர்வதைப் பார்த்திருக்கிறேன்.

சாலை விபத்துக்கு இந்த அலைச்சல் எதுவும் கிடையாது. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வருமானச் சான்றும் கேட்பதில்லை, எந்த மாநிலத்தவர் என்றும் பார்ப்பதில்லை. அதே அரசு, அதே துறை. விபத்தில் சிக்கியவரிடம் கேட்காமல் விட முடிந்த காகிதத்தை மாரடைப்பு வந்தவரிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு எனக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

மருத்துவமனை பணம் வாங்கியது, சிகிச்சை மறுத்தது போன்ற புகார்களை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குறைதீர்க்கும் குழு விசாரிக்க வேண்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் எழுத்துமூலம் கொடுங்கள். நோயாளியின் பெயர், அட்டை எண், சேர்ந்த தேதி, கேட்ட தொகை, கேட்டவரின் பதவி ஆகியவை ஒரே பக்கத்தில் இருக்கட்டும். இரண்டாவது நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.