அடி தாங்கும் கான்கிரீட் பைல்

மேல்மண் இளகிய களிமண்ணாக இருக்கும் இடத்தில் உயரமான கட்டடம் எழுப்பினால், அதன் பாரத்தை ஆழத்தில் இருக்கும் கெட்டியான மண்ணுக்குக் கொண்டுபோயாக வேண்டும். மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் அடித்தளத் தூணான பைல் செய்யும் வேலை அதுதான். பாரத்தை அது இரண்டு வழியில் மண்ணிடம் இறக்குகிறது: உடல் நெடுக மண்ணோடு ஏற்படும் உராய்வு, கெட்டி மண்ணிலோ பாறையிலோ ஊன்றிய நுனி. பாரம் கூடிக்கொண்டே போனால் பெரும்பாலும் முதலில் விட்டுக்கொடுப்பது மண். கான்கிரீட் அப்போதும் சேதமில்லாமல் இருக்கும். சாதாரணக் கட்டடங்களுக்கு 20 முதல் 30 மெகாபாஸ்கல் கான்கிரீட் போதும் என்னும்போது, தொழிற்சாலையில் செய்து வரும் பைலுக்கு மட்டும் 80 மெகாபாஸ்கல், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 800 கிலோ தாங்கும் வலிமை, எதற்கு?

பாதி விடை சிக்கனம். இந்த பைல்கள் உள்ளே வெற்றிடமுள்ள உருளைகள். வெளிவிட்டம் 500 மில்லிமீட்டர், சுவரின் தடிமன் 100 மில்லிமீட்டர் என்று ஒரு பைலை எடுத்துக்கொள்வோம். 12 மீட்டர் நீளத்துக்கு எடை நான்கு டன்னைத் தொடாது. ஆனால் அதை நசுக்க ஏறக்குறைய 1000 டன் வேண்டும். வடிவமைப்பில் அதில் கால்வாசிக்கு மேல் பயன்படுத்த மாட்டார்கள். மண் அதையும் தாங்காவிட்டால் இன்னும் குறைப்பார்கள்.

மீதி விடைதான் எனக்குச் சுவாரஸ்யமானது. கட்டடத்தைச் சுமப்பதைவிட, மண்ணுக்குள் இறங்குவதுதான் பைலுக்குப் பெரிய சோதனை.

பைலை இறக்க அடிக்கும் கனத்த சுத்தியல் அதன் தலையில் விழுந்ததும், பைல் முழுவதும் ஒரே நேரத்தில் கீழே நகர்ந்துவிடுவதில்லை. அடி ஓர் அழுத்த அலையாக, நொடிக்குச் சுமார் 4000 மீட்டர் வேகத்தில் கீழ்நோக்கி ஓடுகிறது. 12 மீட்டர் பைலில் நுனியை எட்ட 3 மில்லிநொடி ஆகும், திரும்பி வர இன்னொரு 3. அலை கடக்கும்போது அங்கிருக்கும் கான்கிரீட் துகள் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்ந்தால், அந்த இடத்தில் ஏறத்தாழ 10 மெகாபாஸ்கல் அழுத்தம் உண்டாகும். கனத்த அடியில் இது 20, 30 என்று ஏறும். அதுவும் ஒரு முறை இல்லை, நூற்றுக்கணக்கான முறை.

அழுத்தம்கூடப் பெரிய ஆபத்தில்லை, அது திரும்பி வரும் விதத்தில்தான் சிக்கல். நுனி பாறையில் இடித்தால் அலை அழுத்தமாகவே எதிரொலிக்கும். நுனியில் இரண்டும் கூடுவதால் அங்கே சுமை ஏறும். நுனிக்குக் கீழே இளகிய மண் என்றால் கதையே வேறு. எதிர்ப்பு இல்லாததால் நுனி முன்னே பாய்கிறது, பின்னாலிருக்கும் கான்கிரீட்டைத் தன்னோடு இழுக்கிறது. போனது அழுத்த அலை, வருவது இழுவை அலை. கான்கிரீட்டின் இழுவை வலிமை அதன் அழுத்த வலிமையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதனால் பைல் சுலபமாக இறங்கும் நேரம்தான் நடு உடலில் குறுக்கு வெடிப்பு விழ ஏற்ற நேரம். அனுபவமுள்ள குழுவினர் இளகிய மண்ணில் சுத்தியலின் விழும் உயரத்தைக் குறைத்துவிடுவார்கள். பைலின் தலைமேல் வைக்கும் மர மெத்தையும் அடியின் கூர்மையைத் தணிக்கத்தான்.

பைல் அடிப்பதை இரண்டு கட்டைகள் மோதுவது போலக் கணக்கிட்டுவந்த காலத்தில், அங்கே நடப்பது அலைப் பயணம் என்று 1931-ல் சுட்டிக்காட்டியவர் ஆஸ்திரேலியப் பொறியாளர் டி. வி. ஐசக்ஸ். அதைக் கணினியில் போட்டுப் பார்க்கும் முறையை 1960-ல் விரிவாக வெளியிட்டார் அமெரிக்கரான ஈ. ஏ. எல். ஸ்மித். இன்று பைலின் தலையருகே உணரிகளைப் பொருத்தி, திரும்பி வரும் அலையைப் படித்தே மண்ணின் எதிர்ப்பை மதிப்பிடுகிறார்கள். நடுவில் வெடிப்பு இருந்தால் அலை முன்கூட்டியே திரும்பிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இழுவையைச் சமாளிக்க வழி, பைலை முன்கூட்டியே அமுக்கி வைப்பது. சாதாரணக் கட்டுமானக் கம்பியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வலிமையுள்ள எஃகுக் கம்பிகளை அச்சுக்குள் இழுத்துப் பிடித்தபடி கான்கிரீட்டை இறுக விடுகிறார்கள். பிறகு கம்பியை விடுவித்தால், அது சுருங்கப் பார்த்து கான்கிரீட்டை அமுக்கும். ஜப்பானியத் தரநிலையில் இந்த முன்னழுத்தம் 4, 8, 10 மெகாபாஸ்கல் என மூன்று வகை. இழுவை அலை இந்த இருப்பைத் தின்று தீர்த்த பிறகுதான் கான்கிரீட் உண்மையில் இழுபடத் தொடங்கும். 25 மெகாபாஸ்கல் கான்கிரீட்டில் 8-ஐ முன்னழுத்தமாக வைத்தால் மூன்றில் ஒரு பங்கு வலிமை அதற்கே போய்விடும். 80-ல் அது பத்தில் ஒன்று. உயர்வலிமையும் முன்னழுத்தமும் ஒன்றாகவே வருவது இதனால்தான்.

அந்த 80 எப்படிக் கிடைக்கிறது? கான்கிரீட் நிரப்பிய நீண்ட அச்சைக் கிடைமட்டமாக வைத்து அதிவேகமாகச் சுழற்றுகிறார்கள். ஈர்ப்புவிசையைப் போல் பல பத்து மடங்கு விசை கலவையைச் சுவரோடு அறைந்து ஒட்டுகிறது. கனமான ஜல்லியும் மணலும் வெளிப்பக்கம் நெருங்க, மிகுதித் தண்ணீர் உள்பக்கம் கசிந்து வெளியேறுகிறது. தண்ணீர் குறைந்தால் நுண்துளை குறையும், வலிமை கூடும். நடுவிலுள்ள வெற்றிடமும் இப்படிச் சுழற்றும்போதே தானாக அமைந்துவிடுகிறது.

அடுத்தது நீராவி. சில மணி நேரம் சூடேற்றி, கம்பியை விடுவிக்கப் போதுமான வலிமை வந்ததும் அச்சைக் கழற்றி, ஆட்டோகிளேவ் என்னும் ராட்சத அழுத்தக் கலனுக்குள் தள்ளுகிறார்கள். உள்ளே சுமார் 180 டிகிரி செல்சியஸ், பத்து வளிமண்டல அழுத்தம். சிமெண்ட் இறுகும்போது வரும் கால்சியம் ஹைட்ராக்சைடு வலிமைக்கு அதிகம் உதவாத பொருள். கலவையில் சேர்த்த நுண்ணிய சிலிக்காத் தூள் இந்த வெப்பத்தில் அதனோடு வினைபுரிந்து, டோபர்மோரைட் என்னும் உறுதியான படிகமாக மாறுகிறது. சாதாரண கான்கிரீட்டுக்கு 28 நாள் காத்திருக்கும் இடத்தில், இங்கே ஓரிரு நாளில் பைல் தயார். மண்ணுக்குள் துளையிட்டு வார்க்கும் பைலில் கான்கிரீட் எப்படி நிரம்பியது என்று கண்ணால் பார்க்க முடியாது. தொழிற்சாலையில் செய்த பைலைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்த பிறகே இறக்கலாம். என் கணக்கில் அது சிறிய அனுகூலமில்லை.

ஒரு துண்டின் நீளம் போதாவிட்டால், முனைகளிலுள்ள எஃகுத் தட்டுகளை வெல்டிங் செய்து அடுத்த துண்டைச் சேர்ப்பார்கள். வெல்டிங் ஆறும்வரை பொறுக்க வேண்டும். சூடாக ஈரமண்ணுக்குள் போனால் சட்டென்று குளிர்ந்து நொறுங்கும் தன்மை வந்துவிடும். அவசரப்படும் தளங்களில் முதலில் பலியாவது இந்தச் சில நிமிடங்கள்தான். சத்தமும் அதிர்வும் ஆகாத இடங்களில் அடிப்பதற்குப் பதில் ஹைட்ராலிக் இயந்திரத்தால் அழுத்தி இறக்குகிறார்கள். இழுவை அலைத் தொல்லை இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள அந்த இயந்திரம் நிற்கவே தரை கெட்டியாக இருக்க வேண்டும்.

இவ்வளவு வலிமைக்கும் ஒரு விலை உண்டு. உயர்வலிமை கான்கிரீட் வளைந்து கொடுக்காது, எல்லை தாண்டினால் திடீரென்று உடையும். மேலிருந்து வரும் பாரத்துக்குச் சளைக்காத பைல், பக்கவாட்டில் தள்ளினால் அவ்வளவு தைரியசாலி இல்லை. 1995-ல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில், மண் கூழாகிப் பக்கவாட்டில் நகர்ந்த இடங்களில் இவ்வகை பைல்களும் உடைந்தன. நிலநடுக்கத்தில் வளைவு அதிகம் தாக்குவது பெரும்பாலும் தலைப்பகுதியை. அதனால் அத்தகைய இடங்களில் மேல் துண்டுக்கு மட்டும் எஃகுக் குழாய்க்குள் கான்கிரீட்டைச் சுழற்றி வார்த்த பைலைப் பயன்படுத்தி, கீழே வழக்கமான பைலையே இணைக்கிறார்கள்.